வெனிஸில் சக்கர நாற்காலியோடு அம்மா: நானூறு பாலங்களை என்ன செய்வது?

நெய்தல்மகள் (சூரிச்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரலில் அம்மாவை வெனிஸுக்கு அழைத்துப்போக இருக்கிறோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்பார், இரண்டு மூன்று அடி வைப்பார். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். பின்னாலிருந்து தள்ளுகிற சாதாரண நாற்காலி, மடக்கி வைக்கலாம்.

அம்மா யாழ்ப்பாணக் கடலோரத்துப் பாசையூரில் பிறந்தவர். தொலைக்காட்சியில் வெனிஸைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குப் பதிலாக வள்ளம் ஓடுகிற ஊரா?" என்று கேட்டார். சுவிட்சர்லாந்துக்கு வந்து முப்பது ஆண்டுகளில் எங்கும் போகவேண்டும் என்று வாய் திறக்காதவர், இதை மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டார்.

தம்பிமார் இருவர், என் கணவர், நான் என்று நால்வர் கூடப் போகிறோம். "பாலம் வந்தால் நாற்காலியோடு தூக்கிவிடுவோம்" என்பது தம்பிமாரின் திட்டம். அங்கே நானூறுக்கு மேல் பாலங்கள் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவைக் கேட்டால், "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கோ" என்கிறார். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று இரவுகள். ஞாயிறு மாலை ரயிலில் போய்ச் சேர்ந்து, புதன் பிற்பகல் திரும்புகிறோம். படகில் நாற்காலி ஏறுமா, எங்கே தங்குவது, எதை விட்டுவிடுவது? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வழிப்போக்கன் (லியோன்) எழுதுகிறார்:

கவலையே வேண்டாம் அக்கா. நாங்கள் போன கோடையில் இரண்டு வயது மகளைத் தள்ளுவண்டியில் வைத்து நான்கு நாள் சுற்றினோம். நாளைக்கு இருபது பாலமாவது ஏறியிருப்போம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான். உங்களோடு ஆண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். இத்தாலியர்களும் நல்ல மனிதர்கள், கேட்காமலே வந்து ஒரு கை கொடுப்பார்கள்.

சக்கரத்தடம் (திருச்சி, இப்போது மியூனிக்) எழுதுகிறார்:

வழிப்போக்கன் தம்பி நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் குழந்தையும் வண்டியும் சேர்ந்து இருபது கிலோகூட வராது. அதோடு இரண்டு வயதுக் குழந்தைக்குக் கூச்சம் கிடையாது. முதலில் இந்தத் தூக்கும் விஷயத்தை முடித்துவிடுகிறேன், பிறகு வழி சொல்கிறேன்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். இப்போது அறுபத்தேழு. பள்ளிக்கூட மாடி, கல்யாண மண்டபம், வாக்குச்சாவடி, நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த வங்கியின் வாசல் என்று எல்லா இடத்திலும் என்னைத் தூக்கியிருக்கிறார்கள். இதில் எனக்கு அனுபவம் உண்டு. மகன் மியூனிக்கில் இருப்பதால் தங்கையும் நானும் ஒரு நவம்பர் மாதம் வெனிஸ் போய் ஐந்து நாள் இருந்தோம். முதல் நாளே, பாலம் எதையும் ஏறுவதில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். இரண்டாம் நாள் மாலை அது உடைந்தது.

பதினான்கு படி உள்ள ஒரு சின்னப் பாலம். நாங்கள் திரும்பத்தான் போனோம். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். "வேண்டாம்" என்று தங்கை சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் பின்கைப்பிடியைப் பிடித்தார், இன்னொருவர் குனிந்து கால்தட்டைப் பிடித்தார். கால்தட்டு கழற்றி மாட்டுகிற சமாசாரம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆறாவது படியில் தட்டு மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்தது. தங்கை என் புடவைத் தலைப்பையும் நாற்காலிச் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாலத்தின் மேலிருந்து என்ன பார்த்தேன் என்று கேட்டால், அந்த மனிதர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கால்வாயைப் பார்க்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு ஒரு பக்கம் பிடிமானம் இல்லை. சரிந்தால் இடது கையால் எதையும் பற்றிக்கொள்ள முடியாது. தம்பிமாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி வழி.

வெனிஸ் நூற்றுச் சொச்சம் தீவுகளைப் பாலத்தால் தைத்து வைத்த ஊர். பழைய பாலம் அனேகமாக எல்லாமே படி வைத்தது, அடியில் படகு போகவேண்டும் என்பதற்காக நடுவில் கூன் விழுந்தது. ஆகவே பாலம் வந்தால் அத்தோடு தெரு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து படகு ஏறி, அந்தப் பக்கத்துக்கு உரிய துறையில் இறங்குங்கள். ஒவ்வொரு படகுத்துறையிலிருந்தும் பாலம் ஏறாமல் எதுவரை போகலாம் என்று நகராட்சி ஒரு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. படகையும் சேர்த்துக்கொண்டால் பழைய நகரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் நமக்கு எட்டும் என்பது அவர்கள் கணக்கு. நாங்கள் அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போனோம். நாலாவது நாள் அது மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது, அவ்வளவு பார்த்தோம்.

படகைப் பற்றிப் பயமே வேண்டாம். வாப்பொரெட்டோ என்று பெயர். நம் ஊர் டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைக்காத மரியாதை அதில் கிடைத்தது. துறையே மிதக்கிற மேடை. படகின் தளமும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஊழியர் கயிற்றை வீசிக் கட்டையில் சுற்றி இழுத்து, கம்பிக் கதவைத் தள்ளித் திறந்து, முதலில் நம்மைப் பார்ப்பார். இடைவெளி நாலு விரல் இருக்கும். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி உள்ளே உருட்டினால் முடிந்தது. கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் பாதையில்தான் கவனம் வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் மேடை கீழே போய்விடும், பாதை செங்குத்தாகச் சாயும். அப்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கச் சொல்லுங்கள். பிடரியில் கண் இல்லையே என்று எனக்கும் முதல் தடவை திக்கென்றது, ஆனால் அதுதான் பாதுகாப்பு.

1, 2 என்று எண் போட்ட படகுகள் பெரியவை, நாற்காலிக்குத் தாராளமாக இடம் உண்டு. பெருங்கால்வாய் முழுக்க ஒவ்வொரு துறையாக நிற்பது 1. நகரத்தைச் சுற்றி ஓடும் 4.1, 5.1 போன்றவை தாழ்வான சின்னப் படகுகள். அவற்றின் அறைக்குள் படி இறங்கவேண்டும், நாம் மேல்தளத்திலேயே இருக்கவேண்டியதுதான். அவற்றில் ஏற்கெனவே ஒரு நாற்காலி ஏறியிருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கச் சொல்வார்கள். டிக்கெட்டை இயந்திரத்தில் எடுக்காதீர்கள், கவுண்டரில் கேளுங்கள். நான் கொடுத்தது 1.50 யூரோ, துணைக்கு வந்த தங்கைக்கு இலவசம். மற்றவர்கள் கொடுப்பது இதுபோல் பல மடங்கு. ஒரு நாள் காலை ஏழு மணிக்கே, 1-ஆம் எண் படகு புறப்படுகிற பியாட்ஸாலே ரோமா துறைக்குப் போய் ஏறிவிடுங்கள். கூட்டம் ஏறிவிட்டால் உட்கார்ந்திருக்கிற நமக்கு முதுகுப் பைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. காலியாக இருந்தால் கால்வாய் முழுதும் அம்மாவுடையது. ஊரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோ வரை முக்கால் மணி நேரம்.

சான் மார்க்கோவுக்கு எல்லோரும் சான் ஸக்காரியா துறையில் இறங்குவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். அங்கிருந்து அரண்மனைப் பக்கம் வர ஒரு படிப்பாலம் குறுக்கே நிற்கும். அதற்கு முந்தைய வல்லரெஸ்ஸோ துறையில் இறங்குங்கள். கரையோரமாகவும் போகாதீர்கள், அங்கேயும் ஒரு பாலம். துறைக்கு நேரே உள்ளே போகும் சந்தில் கடைசிவரை போய் வலப்பக்கம் திரும்பினால் சதுக்கம் வந்துவிடும், ஒரு படிகூட இல்லை. தேவாலயத்துக்கு முன்வாசல் வரிசையில் நிற்கவேண்டாம். வடபுறம், கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம், பூக்களின் வாசல் என்று ஒன்று உண்டு. நாற்காலிக்கு அதுதான் வழி.

தோஜே அரண்மனையை, அதாவது வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்களின் மாளிகையை, விட்டுவிடாதீர்கள். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. பெருமூச்சுப் பாலமும் அதைத் தாண்டிய சிறையும் நமக்கு இல்லை, குறுகல். (படி ஏற முடியாததால் சிறைக்குப் போகாமல் தப்பித்தவள் நான் ஒருத்திதான் என்று தங்கை சொன்னாள்.) ஆனால் பேரவை மண்டபம் இருக்கிறதே, 53 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. ஒரு சுவர் முழுக்கத் தின்தொரெத்தோ என்ற ஓவியரின் ‘சொர்க்கம்’ ஓவியம். தங்கையைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். வழுவழுப்பான தரை. பாதி தூரத்தில் கை வலித்தது, நிறுத்தவில்லை. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வளர்ந்தும் உச்சிப் பிள்ளையாரை ஒருமுறைகூடப் பார்க்காதவள் நான். நானூற்றுச் சொச்சம் படி. என் வீட்டார் தூக்கிப்போகத் தயாராகத்தான் இருந்தார்கள், நான்தான் மறுத்துவிட்டேன். அது இங்கே எதற்கு என்று கேட்காதீர்கள், அந்த மண்டபத்தில் நினைவுக்கு வந்தது.

தெருக்கள் நல்ல தெருக்கள். ரோமில் முஷ்டி முஷ்டியாகக் கருங்கல் பதித்திருக்கிறார்கள், நாற்காலியில் போனால் பல் ஆடும். வெனிஸில் பெரிய பெரிய தட்டைப் பலகைக் கற்கள். மழை பெய்தால் மட்டும் வழுக்கும்.

இன்னொரு வேடிக்கை. அக்டோபர் கடைசியில் அங்கே மாரத்தான் நடக்கும். ஓடுகிறவர்கள் படியில் தடுக்கி விழக்கூடாது என்று ஸத்தேரே கரையிலும் சான் மார்க்கோ பக்கக் கரையிலும் பாலங்களின் மேல் மரச் சாய்தளம் போடுவார்கள். பந்தயம் முடிந்தும் பல மாதம் அதை எடுக்கமாட்டார்கள். நாங்கள் நவம்பரில் போனதால் ஸத்தேரே முழுவதையும் பாலம் பாலமாகத் தாண்டிப் போனேன். ஓட்டக்காரர்களுக்குப் போட்ட பலகையில் ஓடவே முடியாத நான்! உங்கள் தேதியில் எது மிச்சம் இருக்கும் என்பதை அந்த நகராட்சி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் லாபம் என்று வையுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தங்குமிடம்: ரயில் நிலையத்துக்கு வெளியே அகலமான படிக்கட்டு, பயப்படாதீர்கள், ஓரத்தில் சாய்தளம் உண்டு. அங்கிருந்து இடப்பக்கம் போகும் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில், சான் ஜெரேமியா சதுக்கம் வரை பாலமே இல்லை. அந்த எல்லைக்குள் எங்காவது பாருங்கள். ரயில், படகுத்துறை, கடை எல்லாம் சமதளத்தில். விடுதிக்காரரிடம் "சக்கர நாற்காலி வசதி உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன், உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு படி. "இரண்டே இரண்டுதானே" என்றார் அந்தப் பெண், உண்மையான வியப்போடு. தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி என்று கேளுங்கள். லிஃப்ட் கதவு, குளியலறைக் கதவு இரண்டின் அகலத்தையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் நாற்காலி 62 சென்டிமீட்டர், குளியலறைக் கதவு 60. ஐந்து நாளும் அந்த இரண்டு சென்டிமீட்டரோடு மல்லுக்கட்டினேன்.

பதுவை மாணவன் எழுதுகிறார்:

சக்கரத்தடம் அம்மா எழுதியதில் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. நான் இங்கே பதுவையில் படிக்கிறேன், வாரம் ஒருமுறையாவது வெனிஸ் போவேன். சில விஷயங்கள் மட்டும்.

ரயில் நிலையத்துக்கும் பியாட்ஸாலே ரோமாவுக்கும் நடுவில் கண்ணாடியும் எஃகுமாக ஒரு புதிய பாலம் இருக்கிறது. புதியதுதானே, சாய்தளம் இருக்கும் என்று நம்பிப் போய்விடாதீர்கள். சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து 2008-இல் திறந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் கட்டியும் படிதான். ஊரே திட்டியதால் பாலத்தின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கூண்டு ஒன்றைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். 2013-இல் வந்தது. மெதுவாக ஊரும், வெயிலில் உள்ளே வெந்துபோகும், அடிக்கடி நின்றும்விடும். 2020-இல் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். நிலையத்திலிருந்து பியாட்ஸாலே ரோமாவுக்கு ஒரே ஒரு துறைதான், படகிலேயே போங்கள்.

தங்குவதற்கு மெஸ்த்ரேயையும் யோசியுங்கள். நிலப்பகுதியில் இருக்கிறது, புதிய கட்டடங்கள், விலையும் குறைவு. அங்கிருந்து பியாட்ஸாலே ரோமாவுக்கு டிராம் வருகிறது. ரயில் என்றால் பத்து நிமிடம். 2024 முதல் சில நாள்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது என்பதால் அங்கே இரவு தங்குகிறவர்களுக்கும் அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

இத்தாலிய நிலையங்களில் நாற்காலியை ரயிலில் ஏற்றி இறக்க சாலா ப்ளூ என்ற உதவிப் பிரிவு இருக்கிறது. இலவசம், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். சூரிச்சில் பதிவு செய்யும்போதே வெனிஸில் இறக்குவதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னிக்கவும். அம்மா பாசையூர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாசையூர் என்றால் அந்தோனியார் கோயில் ஊர் அல்லவா? வெனிஸிலிருந்து பதுவை ரயிலில் அரை மணி நேரம். அந்தோனியார் அடக்கம் செய்யப்பட்ட பேராலயம் இங்கேதான் இருக்கிறது. நிலையத்திலிருந்து டிராமில் போகலாம், வழியில் கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கும் தொல்லை இல்லை. அந்தோனியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமைகளில் சக்கர நாற்காலியில் வருகிறவர்களை உள்ளே பலமுறை பார்த்திருக்கிறேன்.

சக்கரத்தடம் எழுதுகிறார்:

மெஸ்த்ரே விஷயத்தில் தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். குளியலறை என்று வந்தால் மெஸ்த்ரேதான் ஜெயிக்கும். கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்கிற இருக்கை எல்லாம் புதிய கட்டடங்களில்தான் ஒழுங்காக இருக்கும். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் உடல் ஓய்ந்துவிடும், படுக்கவேண்டும். மெஸ்த்ரே என்றால் படுக்கப் போனவர் மறுபடி கிளம்பி வருவது நடவாது. மாலை ஆறு மணிக்கு மேல் பகல் கூட்டம் ரயிலேறிப் போன பிறகுதான் அந்த ஊர் மூச்சு விடும். அந்த நேரத்தில் அம்மா மெஸ்த்ரேயில் படுத்திருக்கக்கூடாது. நிலையத்துக்கு அருகிலேயே நல்ல குளியலறை கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் குளியலறையைப் பார்த்து மெஸ்த்ரேக்குப் போங்கள். கழிவறை சரியில்லாத ஊரில் எந்த அழகும் கண்ணில் படாது, இது என் சொந்த அனுபவம்.

அதே காரணத்துக்காக, நாளில் ஒரு அருங்காட்சியகத்தையாவது வழியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியத்துக்கு இல்லாவிட்டாலும் அங்குள்ள அகலமான கழிவறைக்கு.

பதுவை எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் நேராகக் கேளுங்கள் மகளே. "எது வசதி" என்று கேட்டால் உங்கள் வசதியைத்தான் சொல்வார். "இதுவா, அதுவா" என்று கேளுங்கள்.

வழிப்போக்கன் எழுதுகிறார்:

கால்தட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. பாலத்தில் இரண்டு முறை யாரோ ஒரு முதியவரின் நாற்காலியை நானும் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறேன். அவர் ஏதோ சொன்னார், நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

நெய்தல்மகள் எழுதுகிறார்:

இரண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னியுங்கள். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சக்கரத்தடம் அக்கா எழுதியதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். சட்டைப் பொத்தான் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு, போன ஆண்டு மாமாவின் வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனபோது தான் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். எனக்கு இன்றுவரை அது தெரியாது.

சின்னத் தம்பி எழுந்து போய் அம்மாவின் நாற்காலியில் கால்தட்டைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தான். கையோடு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தூக்குகிற பேச்சு அதோடு சரி.

பதுவை அரை மணி நேரத்தில் இருக்கிறது என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி பாக்கி இருக்கிறதாம், என்னவென்று சொல்லவில்லை. போவதென்றால் செவ்வாய்க்கிழமைதான் போகவேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார். "உங்களுக்கு எது வசதியோ" என்ற பேச்சே வரவில்லை. தம்பி, நீங்கள் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஆகவே திங்கள் சான் மார்க்கோவும் அரண்மனையும், செவ்வாய் பதுவை. புதன் காலை மட்டும் மிச்சம். ரயில் பிற்பகல்தான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஊரில் மீன் சந்தை இருக்கிறதா? வள்ளம் ஓடுகிற ஊரில் மீன் விற்கிற இடத்தைப் பார்க்காமல் எப்படி வருவது என்கிறார். அங்கே நாற்காலி போகுமா அக்கா?

சக்கரத்தடம் எழுதுகிறார்:

போகும். ரியால்தோ பாலத்தைப் பார்த்ததும் அதன் மேல் ஏறித்தான் சந்தைக்குப் போகவேண்டும் என்று நினைப்பீர்கள். 1591-இல் கட்டி முடித்த பாலம், முழுக்கப் படி, அதன் பக்கமே போகவேண்டாம். நிலையத்துக்கு முன்னால் உள்ள ஃபெர்ரோவியா துறையில் 1-ஆம் எண் படகு ஏறினால் ஐந்தாவது துறை ரியால்தோ மெர்காதோ. ரியால்தோ என்று மட்டும் பெயர் போட்ட துறை அதற்கு அடுத்தது, எதிர்க்கரை. அங்கே இறங்கிவிட்டால் பாலம் நடுவில் நிற்கும். அப்படி இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், எதிர்த்திசைப் படகில் ஒரு துறை திரும்பி வாருங்கள். நாங்கள் அப்படித்தான் வந்தோம்.

மெர்காதோவில் இறங்கினால் சந்தை பக்கத்திலேயே. வளைவு வளைவாகத் தூண் வைத்த மண்டபம், நாலு பக்கமும் திறந்தது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்று செதுக்கிய பழைய பளிங்குக் கல் ஒன்று இருக்கிறது, அம்மாவுக்குக் காட்டுங்கள். நாங்கள் போன அன்று கணவாய் மையோடு கிடந்தது. தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எட்டு மணிக்குப் போய்விடுங்கள், மதியத்துக்குள் கழுவிவிடுவார்கள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும், மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். அம்மாவின் மடியில் ஒரு பழைய துண்டைப் போடுங்கள், ஐஸ் தண்ணீர் தெறிக்கும். ஞாயிறும் திங்களும் சந்தை கிடையாது. நீங்கள் போவது புதன், அன்று உண்டு.